ஸ்டார்போர்ட் எந்தப் பக்கம்?

கப்பல் வேலைக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது வட்டகொடை ஸ்டேஷனில். ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கப்பல் தளத்தில் வேலை பழகப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விளம்பரம் வந்தது. உயர்தரப் பரீட்சை முடித்து ஒரு வருடமாக வீட்டில்தான் இருந்தேன். மாமா ஹட்டனில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். ரயில் வருவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். கடலை நான் பார்த்தது ஒரே தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில். அன்றைக்கும் பஸ்ஸில் வாந்தி.

கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கொப்பி நிறையக் கப்பல் சொற்களை எழுதி மனப்பாடம் செய்தேன். முன்முனை பவ், பின்முனை ஸ்டேர்ன், இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். தேர்வெடுத்த கப்பல் வாத்தியார் அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மேசையில் ஒரு பொம்மைப் படகை, முன்முனை என்னைப் பார்க்கிற மாதிரி வைத்தார். "நங்கி, ஸ்டார்போர்ட்டைத் தொடுங்க" என்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, சிங்களத்தில் சொன்னார். என் வலது கைப் பக்கத்தைத் தொட்டேன். தலையை ஆட்டிவிட்டு, பின்முனை என் பக்கம் வருகிறபடி படகைத் திருப்பினார். அப்படியென்றால் இடது கைப் பக்கம்தான் என்று அதைத் தொட்டேன். அதுவும் பிழை.

"ஒரு மாசம் கழிச்சு வாங்க. அதுதான் கடைசி வாய்ப்பு."

ஊருக்கு வரும்வரை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடை தெரிந்தும் தோற்பது எவ்வளவு கடுப்பு! தோற்றால் துணிக்கடை என்று அம்மா வேறு நினைவூட்டிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு எல்லாமே சுலபம்.

"என் வலது கைப் பக்கம் ஸ்டார்போர்ட். அம்புட்டுத்தான். இதுக்கு ஒரு மாசமா?"

நான் ஆட்டோவுக்கு எதிரே போய் நின்று, அவனைப் பார்த்தபடி கை நீட்டினேன். குழம்பிப்போனேன்.

"நீ ஏன்டி முன்னால வந்து நிக்கிற? உள்ள ஏறு!"

"கப்பல்ல எல்லாரும் ஒன்னய மாதிரி முன்னாடி பாத்துக்கிட்டேவா நிப்பாங்க? ஒனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல அண்ணே."

அப்போது யாரோ சவாரிக்குக் கூப்பிட்டு அவனுக்கு ஒரு ஹயர் வந்தது. "கோயிலுக்கு மேல, பீலிக்குக் கீழ நில்லுங்க, வர்றேன்" என்று போனில் சொன்னான். எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் இடது, வலது என்று வழி சொல்கிறார்கள்? வரிசை வீடுகள் என்றால் மேல் லயம், கீழ் லயம்; மற்றதெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே, மலைக்குக் கீழே. எப்படித் திரும்பி நின்றாலும் மேல் மேல்தான். போர்ட்டும் அதே மாதிரிதானே, ஆள் திரும்பினாலும் அது மாறாது. இவ்வளவு நாளாக நான் ஏன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஹயர் முடிந்து வந்த அண்ணன் ஆட்டோவை லயத்துக்கு முன்னால், சரிவுக்குக் குறுக்காக நிறுத்தினான். அதன் இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். மேல்பக்கம் போர்ட், கீழ்ப்பக்கம் ஸ்டார்போர்ட் என்று மனதில் பதித்துக்கொண்டேன். முன்னால் நின்றேன், பின்னால் நின்றேன், டயருக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. சாயங்காலம் வரை ராணி மாதிரி நடந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் ஆட்டோவை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தான்.

"போர்ட் எங்க?"

மேல்பக்கத்தைக் காட்டினேன். அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான்.

"அடியே, கப்பலு திரும்பிருச்சு. நம்ம அப்பன் வீட்டு மலையுமா கூடத் திரும்பும்?"

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. என் கையிலிருந்து பிடுங்கியதைக் கொண்டுபோய் மலையில் கட்டியிருக்கிறேன். அது என்னுடையதும் இல்லை, மலையுடையதும் இல்லை, கப்பலுடையது. இதைச் சொல்லப் புத்தகத்தில் ஒரு வரி போதும். ஆனால் பிறந்ததிலிருந்து மேல், கீழ் என்றே நடந்த காலுக்கு அது ஏறவே மாட்டேன் என்கிறது. ஆட்டோவின் இடப்பக்கத்தில் சிவப்பு டேப்பும் வலப்பக்கத்தில் பச்சை டேப்பும் ஒட்டினேன், கப்பல் விளக்குகளின் நிறத்தில். ஹயர் வருகிறவர்கள் எந்தக் கட்சி என்று கேட்கிறார்களாம். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டேப்பைப் பார்த்தால் சரியாகச் சொல்கிறேன். பார்க்காவிட்டால் கண் முதலில் மலையைத்தான் தேடுகிறது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

தலவாக்கலை நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் துடுப்புப் போடும் படகு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார். அதில் துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அப்படியானால் என் வலது கைப் பக்கம் போர்ட். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்று கத்துவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். அவன் "போர்ட்" என்று கத்தினால் படகை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். சுற்றியிருக்கும் மலை கண்ணில் படாமல், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன்.