பிரான்சு மண்ணில் இரண்டு விளக்கு

மண்ணென்றால் எல்லா மண்ணும் ஒன்றுதான் என்று நம்பினேன். காயப்போடணும், சூளையில் வைக்கணும், எவ்வளவு சுடுகிறோமோ அவ்வளவு கெட்டி. வில்லியனூரில் குயவர் தெருவை ஒட்டி வளர்ந்தவனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர் வேறு.

எண்பதுகளில் ஒரு வருஷம். பிரான்சில் வேலை பார்த்த மாமா, என் அக்காவின் வீட்டுக்காரர், ஊருக்கு வந்த ஒருவரிடம் கலர் கலராகக் களிமண் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா அதைக் கண்ணாடி டம்ளரைச் சுற்றி அப்பி, பூவும் இலையுமாக வெட்டி எடுத்து, இரண்டு விளக்கு செய்தாள். உள்ளே மெழுகுவர்த்தி வைத்தால் வெட்டிய இடமெல்லாம் வெளிச்சம் வரும். மூன்று வருஷமாக ஊருக்கு வராத மாமா வருகிற அன்று வாசலில் வைக்கத்தான் அந்தப் பாடு. மண் அத்தனையும் தீர்ந்துவிட்டது.

சுடுகிற பொறுப்பு எனக்கு. பொட்டலத்தோடு வந்த பிரெஞ்சுத் தாளைத் தலையாட்டிக்கொண்டே படித்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ழூர்’ என்கிற வணக்கம் ஒன்றுதான். தாளில் அது இல்லை.

மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் வைத்தேன். காயவில்லை. குயவர்கள் செய்கிற மாதிரி சுண்டிப் பார்த்தேன். ணங்கென்று கேட்க வேண்டியது, ஊமையாக இருந்தது. ஈரம் உள்ளே ஒளிந்திருக்கிறது, சூடு பலமாக வேண்டும் என்று முடிவுகட்டி, கடைத்தெரு ரொட்டிக்கடை பாயிடம் எடுத்துப்போனேன். ரொட்டி போடுவதற்கு முன்னால் அடுப்பு நெருப்பாய் இருந்த நேரம்.

“தம்பி, பிளாஸ்டிக் வாசன வருதே. தணல் ஆறட்டுமே.”

“பிரான்சு மண்ணு பாய். அது அப்டித்தான். நல்லா உள்ள தள்ளுங்க.”

தள்ளினார். டீ குடித்துவிட்டு வந்தால் கடை வாசலில் கரும்புகை. பாய் நீளக் கம்பியால் இழுத்துப் போட்டார். டம்ளர் இரண்டும் வெடித்து, அவற்றின் மேல் தார் மாதிரி ஏதோ வழிந்திருந்தது.

பஸ் ஏறிக் கடலூர் பக்கம் காணாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். பயத்தில் என் செருப்பை விட்டுவிட்டு யாருடையதையோ மாட்டிக்கொண்டு, ஒன்று பெரிசு ஒன்று சின்னதாக, தத்தித் தத்தி வீட்டுக்குத்தான் போனேன்.

“இன்னாடா ஆச்சு?” என்றாள் அக்கா.

வாய் எனக்கு முந்திக்கொண்டது. “பாய் சூட்ட ஜாஸ்தி வெச்சிட்டாருக்கா. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

அக்கா அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“இத்தினி வருஷமா அடுப்பு வெச்சிருக்கீங்க பாய். சூடு தெரியாதா? என் வூட்டுக்காரரு வர்றதுக்குச் செஞ்சது.”

பாய் என்னைப் பார்த்தார். நான் பொறை பிஸ்கட் ஜாடியைப் பார்த்தேன். அப்படியொரு கவனமாக அதற்கு முன்பும் பின்பும் எந்த ஜாடியையும் நான் பார்த்ததில்லை.

“தெரியாமப் போச்சும்மா,” என்றார் பாய். “தப்பு நம்மளுதுதான்.”

மாமா வந்த அன்று அக்கா வெறும் டம்ளரில் மெழுகுவர்த்தி ஏற்றி வாசலில் வைத்தாள். அது மண்ணே இல்லை, ஒரு மாதிரி பிளாஸ்டிக், மிதமான சூட்டில் அரைமணி வைத்தால் போதும் என்று தாளிலேயே போட்டிருந்ததாம், மாமா சொன்னார். “ரொட்டிக்கடைக்காரருக்கு எப்டித் தெரியும், பாவம்,” என்றும் சொன்னார்.

பாய் ஒரு கேக் அனுப்பியிருந்தார். பெரிய துண்டு எனக்குத்தான் கிடைத்தது. சாப்பிட்டேன். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.