ஒன்பது கிலோ காபி

என் சித்தி ஒரு அலுவலகத்தில் காபி கொடுக்கிறார். இப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பன்னிரண்டு பேரை வேலை செய்ய வைக்கிறேன்" என்றுதான் அவர் சொல்லிக்கொள்வார். காலை பத்தரைக்கு ஒரு தடவை, மதியம் மூன்றரைக்கு ஒரு தடவை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் உயிர் வருவதை நேரில் பார்த்தவள் என்ற முறையில் நான் மறுத்துப் பேசுவதில்லை.

அந்தக் கம்பெனி எடை பார்க்கும் கருவிகள் செய்து விற்கிறது. காய்கறிக் கடைத் தராசிலிருந்து லாரியை ஏற்றி நிறுக்கும் மேடை வரைக்கும். தரைத்தளத்தில் கருவிகளைச் சோதிக்கும் அறை. அதை ஒட்டி சித்தியின் சமையலறை. முதல் மாடி முழுக்க அட்டைப்பெட்டிகள். மனிதர்கள் உட்கார்ந்திருப்பது இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும். லிப்ட் கிடையாது. பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு ஆட்கள் கீழே வரலாமே என்று யாருக்கும் இதுவரை தோன்றவில்லை. உயரத்தில் உட்காருவதில் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா.

சித்தி இந்த வேலைக்கு மூன்று வாரத்துக்கு மட்டும் என்று வந்தவர். முன்பு இருந்த அம்மா மகள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேயில்லை. அந்த மூன்று வாரத்தைச் சித்தி பத்தொன்பது வருஷமாக முடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சித்தப்பா இருப்பது அதற்கு முக்கியக் காரணம். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஏற்றுக்கொண்ட ஒரே பொறுப்பு, சித்தி செய்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்து, அதை இன்னும் எப்படி நன்றாகச் செய்யலாம் என்று சொல்வது. காலை எட்டு மணிக்கு வாசல் தாண்டும்போது சித்தியின் முகத்தில் வருகிற வெளிச்சத்தை வேலைக்குப் போகிற வேறெவர் முகத்திலும் நான் கண்டதில்லை.

அவர் பட்டியல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கோப்பையின் காதுதான் பட்டியல். காது இடப்பக்கம் திரும்பியிருந்தால் சர்க்கரை இல்லை. வலப்பக்கம் இருந்தால் ஒரு கரண்டி. சித்தியைப் பார்த்தபடி இருந்தால் இரண்டு. மூன்று வரிசை, வரிசைக்கு நாலு கோப்பை. முன் இரண்டு வரிசை மூன்றாம் மாடிக்கு, பின் வரிசை இரண்டாம் மாடிக்கு. தட்டில் கோப்பையை வைத்த பிறகு யார் தொட்டாலும் கை மேல் ஒரு அடி விழும். மேனேஜர் கைக்கும் ஒரு தடவை விழுந்திருக்கிறது.

நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தோளில் ஒரு பையும் வாய் நிறையக் கதையுமாக நான் திரும்பி வந்தபோது, இடம் கொடுத்தவர் இந்தச் சித்திதான். இரண்டாவது வாரமே, "ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தது போதும்டி. இன்னும் நாலு நாள் போனா உங்க சித்தப்பா உன்னையும் திருத்த ஆரம்பிச்சிடுவார்" என்று சொல்லி, கம்பெனியின் விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்யும் தற்காலிக வேலையில் என்னைக் கோத்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஒரு பெரிய வாடிக்கையாளரின் உதடு கிழிந்தது. விளிம்பு உடைந்த கோப்பை. ஒரு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டு மன்னிப்பு. மறுநாளே "கோப்பைத் தேர்வுக் குழு" அமைக்கப்பட்டது. தலைவர் மேனேஜர். செயலாளர் 'சட்டம்'. நிர்வாகப் பிரிவில் இருக்கும் அவர், ஜன்னலைத் திறப்பதற்குக்கூட எந்த விதியில் இடமிருக்கிறது என்று பார்ப்பவர், அதனால் அந்தப் பெயர். வெளியுலக அனுபவம் உள்ள ஒருவர் தேவை என்று மேனேஜர் நினைத்தாராம். என்னைக் கூப்பிட்டார்கள்.

மேஜை மேல் ஏழு மாதிரிக் கோப்பைகள். ஏழும் காலி. ஒரு துளி காபி இல்லை. காபிக்கான கோப்பையைக் காபி இல்லாமல் தேர்ந்தெடுப்பது பற்றி யாருக்கும் கூச்சமில்லை. எனக்கும் இல்லை. எல்லோரும் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, திருப்பி, அடியைத் தட்டி, சிலர் முகர்ந்துகூடப் பார்த்தார்கள்.

"நீங்க பல தேசம் பார்த்தவங்க. சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

இந்த வார்த்தைக்காகத்தானே நாலு வருஷம் சுற்றினேன். குளிர் நாடுகளில் சுவர் தடித்த கோப்பையில்தான் குடிப்பார்கள், சூடு உள்ளேயே நிற்கும் என்றேன். வாய் அகலமாக இருந்தால்தான் மணம் மூக்குக்கு வரும் என்றேன். காது சிறிதாக இருப்பது நாகரிகக் குறைவு, மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்றேன். ஒரு மலையடிவாரக் கடைக்காரர் என்னிடம் சொன்னதாக ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டேன். அப்படி ஒரு கடைக்காரர் இல்லை.

"ஆகா" என்றார் சட்டம். குறிப்பேட்டில் "மூன்று விரல்" என்று எழுதி அடிக்கோடிட்டார்.

சித்தி அப்போது தட்டோடு கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

கோப்பைகள் வந்தன. சாம்பல் நிறம், தடித்த சுவர், ஆளை அடிக்கலாம் போன்ற கனம். மேனேஜர் தன்னுடையதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ வெளிநாட்டுப் பனியைப் பார்ப்பதுபோல எதிர்ச்சுவரைப் பார்த்தார். மூன்று விரல் நுழையும் காதுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதால் அவை இடமும் திரும்பவில்லை, வலமும் திரும்பவில்லை. இடம் கிடைத்த பக்கம் நின்றன. சித்தியின் பட்டியல் ஒரே நாளில் அழிந்துபோனது. சர்க்கரை கூடாதவர் என்று பத்து வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த கணக்குப் பிரிவு அண்ணனுக்கு மூன்று நாள் இரண்டு கரண்டிக் காபி போயிருக்கிறது. மனிதர் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் எல்லோரிடமும் அன்பாக இருந்தார்.

நாலாம் நாள் மாலை வீட்டில் சித்தி ஈரத்துணியை என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிழிஞ்சு போடு."

அவர் வாழ்க்கையில் இன்னொருத்தரிடம் துணி பிழியக் கொடுத்தவர் இல்லை. பார்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கி, பளபளவென்று இருந்தது.

"என்ன சித்தி இது?"

"கைதான். பார்த்ததில்லையா?"

பிடித்து உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு குளியலறையில் விழுந்து மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போவதாகச் சொல்லி ஆறு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறார். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"சொல்லு. அடுத்த நாள் மெஷின்காரன் வந்து நிப்பான். மாசாமாசம் வந்து படம் போட்ட அட்டையைக் குடுத்துட்டுப் போறானே, பார்த்ததில்லையா? பட்டனை அமுக்கினா காபி. எல்லாரையும் விட என்னைப் பார்த்துத்தான் அதிகமா சிரிப்பான். 'அக்கா, உங்களுக்கும் ரெஸ்ட்'னு." சித்தி உள்ளறைப் பக்கம் தலையை அசைத்தார். உள்ளே சித்தப்பா, குக்கரை எந்தப் பக்கம் திருப்பி மூட வேண்டும் என்று காலிக் குக்கரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "அந்த ரெஸ்ட்டை இந்த வீட்டுல எங்க வெச்சு எடுக்கிறது? கையைப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசினே, உன் பையைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் உலகத்தைச் சுத்தக் கிளம்பிடு."

"நான்தான் அந்தக் கோப்பையைச் சொன்னேன் சித்தி."

"தெரியுமே. கதவுகிட்டதானே நின்னேன். நல்லாத்தான் பேசினே. நடுவுல அந்த மலையடிவாரக்காரன் ஒருத்தன்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

மறுநாள் பத்தரைக்கு, தட்டு தயாரானதும், சித்தி தடுப்பதற்குள் நான் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். சோதனை அறை அண்ணன் ஒரு கருவியை முன்னால் நகர்த்தினார். தட்டை வைத்தோம். ஒன்பது கிலோ இருநூற்று அறுபது கிராம்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கருவியில் வைத்துப் பார்த்தார். அதே எண். ஓரமாகக் கிடந்த பழைய கோப்பைகளில் அதே காபியை அளவாக ஊற்றி வைத்தோம். நாலு கிலோ நூறு.

"அடப்பாவிகளா" என்றார் அவர். "ஊருக்கெல்லாம் எடை பார்க்கச் சொல்லிக் குடுக்கிறோம். கோப்பையை நிறுத்துப் பார்க்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே."

"பார்த்தாச்சுல்ல? தள்ளுங்க, ஆறுது" என்றார் சித்தி.

காபி ஆறுவதும் உண்மைதான். தடித்த சுவர் சூட்டை உள்ளே வைத்திருக்கும் என்றேனே, முதலில் தனக்கு வேண்டிய சூட்டைக் காபியிலிருந்துதான் அது எடுத்துக்கொண்டது. கனம் தாங்காமல் சித்தி ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் நின்று நின்று ஏறியதில் மிச்சமும் போனது. மூன்றாம் மாடியில் முணுமுணுப்பு கிளம்பியது. எந்த விதியின்படி வெதுவெதுப்பான காபி கொடுக்கப்படுகிறது என்று சட்டம் எழுத்தில் கேட்டார். அடுத்த வாரம் குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை சித்தியையும் கூப்பிட்டிருந்தார்கள், காலித் தட்டோடு வந்து நின்றார். மேஜை மேல் மெஷின்காரரின் அட்டை இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா" என்று மேனேஜர் ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் மட்டும்தான் அப்படி ஆரம்பிக்கும். "காலத்துக்கு ஏத்த மாதிரி…"

நான் எழுந்தேன். நான் சொன்னது முட்டாள்தனம், நான் சொன்ன கடைக்காரர் பொய், கோப்பைதான் கோளாறு, காபி கொடுப்பவரில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி, ஒன்பது கிலோ இருநூற்று அறுபது கிராம் என்று முடித்தேன். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அறையில் அந்த எண் வேலை செய்தது. எடை பார்க்கும் கம்பெனிக்காரர்களிடம் கண்ணீர் விட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கிராமில் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"எந்தக் கருவியில பார்த்தீங்க?" என்று கேட்டார் சட்டம்.

"ரெண்டுல" என்றேன்.

மேனேஜர் தன் சாம்பல் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஒண்ணு ஒண்ணாத் தூக்கினா ஒண்ணும் தெரியலையே" என்றார். பிறகு நேராகச் சித்தியிடம், "உங்களால முடியலையா அக்கா?" என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் சித்தி இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். முடிகிறது என்றால், நாளைக்கும் ஒன்பது கிலோ. முடியவில்லை என்றால், அட்டையில் இருக்கும் மெஷின். தட்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். சேலை முந்தானையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினார்.

"முடியல. உள்ள தகடு இருக்கு. ஒன்பது கிலோ முடியாது. நாலு கிலோ முடியும். ரெண்டு வருஷமா நாலு கிலோவைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியைத்தானே ஏறினேன், ஒரு நாள் சூடு குறைஞ்சுதா? மெஷின் வாங்குறதுன்னா வாங்குங்க. ஆனா எனக்கு முடியலைன்னு எழுதி வாங்காதீங்க. தூக்க முடியாத கோப்பையை வாங்கினோம்னு எழுதி வாங்குங்க."

சட்டம் எழுதுவதை நிறுத்தினார். கணக்குப் பிரிவு அண்ணன், குழுவில் இல்லாதவர், கதவோரம் எட்டிப் பார்த்து, "மெஷினுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை தெரியுமா?" என்றார். அவருக்கு எந்தப் பதில் வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோப்பையைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார். "மெஷின் இப்ப வேண்டாம். சின்னதா வேற வாங்கிடுவோம்" என்றார். "கோப்பை பார்க்க மறுபடி குழு…"

"வேண்டாம்" என்றார் சித்தி. "நான் பார்த்துக்கிறேன்."

சனிக்கிழமை மதியம் கடைக்குப் போனோம். பாத்திரக்கடை, இரண்டு மாடி, நடுவில் ஒரு குறுகலான படிக்கட்டு. கடைக்காரர் ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்து, "பிடிச்சுப் பாருங்கம்மா, இறகு மாதிரி இருக்கும்" என்று நீட்டினார்.

"ஒண்ணைப் பிடிச்சுப் பார்த்துத்தான் அங்க பெரிய பெரிய ஆளெல்லாம் ஏமாந்துட்டாங்க" என்றார் சித்தி. "பன்னிரண்டு எடுங்க. ஒரு தட்டும் குடுங்க. குடிக்கிற தண்ணி எங்க இருக்கு?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். சித்தி பன்னிரண்டு கோப்பையிலும் தண்ணீர் ஊற்றி, மூன்று வரிசையாக வைத்து, காதுகளை இடம், வலம், தன் பக்கம் என்று திருப்பி, கடையின் படிக்கட்டில் ஏறினார். மேல் மாடி வரை போய்த் திரும்பி வந்தார். வைத்தார். கையை உதறினார். அடுத்த ரகம். மறுபடி ஏறினார். வேறு வாடிக்கையாளர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அம்மா, வாங்குறீங்களா, நடைப்பயிற்சிக்கு வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நீங்க ஒரு நாள் பன்னிரண்டு காபியைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியை ஏறிப் பாருங்க, அப்புறம் கேளுங்க."

ஐந்தாவது ரகத்தில் இறங்கி வந்தபோது ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, "இது" என்றார்.

மெல்லிய சுவர், சின்னக் காது. எல்லாம் சரி. ஒவ்வொன்றிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்து, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரித்தது. குழந்தைகளுக்காகச் செய்தது போலிருக்கிறது.

"சித்தி, மேனேஜர் இதுலயா குடிப்பார்? வாடிக்கையாளர் வந்தா?"

"வாத்து எத்தனை கிராம்டி?" என்றார் சித்தி.

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன? யாராவது கேட்டா, நீதான் நாலு வருஷம் சுத்தினவளாச்சே. குளிர் நாட்டுல எல்லாரும் வாத்துலதான் குடிக்கிறாங்கன்னு சொல்லு." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பதிமூணாக் கட்டுங்க. ஒண்ணு உடைஞ்சா, மறுபடி குழு கூட்டிடுவாங்க."