ஓவர்லாக் அக்காவும் ஆறு கதவுகளும்

அவளை எல்லோரும் ஓவர்லாக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு ரயில் நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். துணியின் ஓரம் பிரியாமல் அடித்துக் கொடுக்கும் மெஷின் அந்த வட்டாரத்திலேயே அவளிடம் மட்டும்தான் இருந்தது. பெயர் வந்தது அதனால்தான். "அதெல்லாம் இல்ல, எடுத்த பேச்சை ஓரம் அடிக்காம விட மாட்டா, அதான்" என்பார் சுமை ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன்.

அந்தச் சந்தில் மளிகைக்கடைக்காரர் வீட்டைத் தவிர எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. சந்து முனையில் யாரோ புண்ணியத்துக்குக் கட்டிக் கொடுத்த பொதுக் கழிப்பறை ஒன்று இருந்தது. திறப்பு விழாவன்று வந்த தண்ணீர் அதோடு சரி. கதவுகள் ஒவ்வொன்றாகக் கால் முளைத்துப் போய்விட்டன. ஆண்கள் தண்டவாளப் பக்கம் ஒதுங்கினார்கள். பெண்கள் இருட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.

நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த அவள் நாத்தனார் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிறுநீரகத்தில் கல், அதோடு கிருமித் தொற்று வேறு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"காலையில ஒரு டம்ளர். அப்புறம் ராத்திரிதான்."

"ஏன் அப்படி?"

நாத்தனார் சுவரைப் பார்த்தாள். ஓவர்லாக் அக்காதான் வாயைத் திறந்தாள். "குடிச்சா போகணுமே டாக்டர். எங்க போறது?"

 தானும் மதியச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறவள்தான் என்பது வீடு திரும்பும் ஆட்டோவில்தான் அவளுக்கு உறைத்தது. பழகிப் போனதால் அதை ஒரு கஷ்டமாக நினைக்கவே தோன்றியதில்லை.

மறுநாளிலிருந்து அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: "நீ தண்ணி குடிக்கிறியா?" கழுத்தைச் சுற்றி டேப் இருக்கும்போது யார் தப்பி ஓட முடியும்? முதலில் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருத்தியாக ஒப்புக்கொண்டார்கள். வாரம் முடிந்ததும் சீட்டு மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைக்கலாம், கழிப்பறையை நாமே கட்டுவோம் என்றாள். மீன்காரி மட்டும் மல்லுக்கு நின்றாள்.

"நகராட்சி கட்டித் தரணும். நாம எதுக்குடி கொடுக்கணும்?"

"தரணும்தான். கேட்டுக்கிட்டே இருப்போம். அவங்க தர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டே இருப்போமா?"

மீன்காரி முணுமுணுத்துக்கொண்டே பணத்தைப் போட்டாள்.

டாக்டரம்மா மூலம் ஓர் அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பாதிச் செலவு எங்களுடையது, மீதிப் பாதி உங்களுடையது, எங்கே எப்படிக் கட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். அவள் தையல் சுண்ணக்கட்டியால் கடைத் தரையிலேயே கோடு போட்டாள். குனிந்து நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆறு கதவு. ஒரு கதவும் தெருவைப் பார்த்து இருக்கக் கூடாது. புடவையை மாட்ட உள்ளே கொக்கி வேண்டும். தொட்டி எங்கே என்ற பேச்சு வந்தபோது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சுற மாதிரி ஓரமா வைக்கணும். எந்த மனுஷனும் அதுக்குள்ள இறங்கக் கூடாது. அப்படி இறங்கணும்னா எனக்கு இந்தக் கட்டடமே வேண்டாம்."

சந்தின் பாதிப் பங்கு எறும்பு புற்று வைப்பது போலத்தான் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் மளிகைக்கடைக்காரர் சந்துக்காரர்கள் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்றார். "மொத்தப் பங்கையும் நானே போட்டுடறேன். எங்கப்பா பேரு வைக்கணும், சாவி என்கிட்ட இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஆண்கள் கை தட்டினார்கள். அவள் மட்டும் வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் குதித்தார். "உனக்கென்ன கிறுக்கா? பேரு யாருதா இருந்தா என்ன? போற அவசரத்துல நின்னு படிச்சுக்கிட்டா இருக்கப் போறீங்க?"

"பேரு கிடக்கட்டும்ங்க. சாவிதான் விஷயம். அவர்கிட்ட பாக்கி வச்சிருக்கிறவ, அவரோட சண்டை போட்டவ, எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சாவி கேக்கப் போவா? அவ பழையபடி இருட்டுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பா."

 அந்தக் கோபத்தில் புருஷன் அன்று சாப்பிடவில்லை.

மளிகைக்கடைக்காரர் சீட்டில் சேர்ந்த வீடுகளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார். வயிற்றில் அடித்தால் யார்தான் தாங்குவார்கள்? ஒவ்வொருத்தியாக வந்து போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். மீன்காரியும் வாங்கிக்கொண்டு போனாள். அன்று ஒரு சட்டைக்குக் கையை உள்புறம் வெளிப்புறமாக மாற்றித் தைத்துவிட்டு, அதைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

மளிகைக்கடைக்காரரின் மனைவி வந்தது அப்போதுதான். துணி தைக்கக் கொடுப்பதென்றால்கூட ஆள் மூலம் அனுப்புகிறவள். ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அளவு எடுக்கவாம்மா?"

"அதுக்கு வரல. எங்க வீட்டுல இருக்குன்னு நீங்க எல்லாரும் பெருமூச்சு விடறீங்க. அந்தக் கதவு கடைக்கு நேர் பின்னால இருக்கு. திறந்தா கடையில நிக்கிற அத்தனை ஆம்பளை கண்ணும் அங்கதான். கடை சாத்துற வரைக்கும் நானும் அடக்கிக்கிட்டுத்தான் கிடக்கேன்." முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானும் சேர்றேன். மத்தவங்க எவ்வளவோ அவ்வளவுதான். வீட்டுல நான் பேசிக்கறேன்."

வீட்டில் என்ன பேசினாளோ, கடைக்காரர் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடன் பழையபடி ஓடியது. பெண்டாட்டியே சேர்ந்த சீட்டை எதிர்த்து அவர் யாருக்கென்று கடனை நிறுத்துவார்? முதலில் பணத்தோடு ஓடி வந்து சீட்டு நோட்டைப் புரட்டியவள் மீன்காரி.

"என் பேரை எதுக்குடி அடிச்சே?"

"நீதானே பணத்தை வாங்கிட்டுப் போனே?"

"வாங்கிட்டுப் போனா அடிச்சிடுவியா?"

சந்துக் கொத்தனார் பாதிக் கூலிக்கு வேலை செய்தார். புருஷன் வாடகை வாங்காமல் செங்கலும் மணலும் ஏற்றி வந்தார். நடைக்கு நடை புலம்பினாலும் ஒரு நடைகூடத் தவறவில்லை. வேலை முடிந்ததும் ரிப்பன் வெட்டவில்லை, பெயர்ப் பலகை மாட்டவில்லை. முதலில் உள்ளே போனவள் நாத்தனார். நல்ல வெயில் நேரம்.  வெளியே வந்ததும் நேராக வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அதைப் பார்த்த ஓவர்லாக் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

கட்டியதோடு சீட்டு நிற்கவில்லை. துப்புரவு செய்கிறவருக்குச் சம்பளம், கையுறை, தொட்டிக்கு லாரி எல்லாமே மாதப் பங்கிலிருந்து நடந்தன. வேறு பகுதிகளிலிருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள். அவள் தைத்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே தைப்பாள்.

பணப்பெட்டி எந்தக் கையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி. தவணை முடிந்தபோது, நீயே இரு என்று சந்தே கெஞ்சியது. அவள் பெட்டியைத் தூக்கி மீன்காரியின் மடியில் வைத்தாள்.

"போயும் போயும் இவகிட்டயா?" என்றார் புருஷன்.

"இத்தனை நாளா என்னை இவ்வளவு கேள்வி கேட்டவ வேற யாரு? இனி பதில் சொல்லிப் பாக்கட்டும்."

குளிக்கிற அறையும் கட்ட வேண்டும் என்று மீன்காரி முதல் மாதமே பங்கை ஏற்றினாள். எல்லோருக்கும் முன்னால் சண்டைக்குப் போனவள் ஓவர்லாக் அக்காதான். முழுசாகத் தோற்று, ஏற்றிய பணத்தையும் கட்டிவிட்டு, வாய்க்குள் சிரித்துக்கொண்டே மெஷினில் வந்து உட்கார்ந்தாள்.