தம்பிக்கு வாங்கின பழைய வைன்

தம்பிக்குத் தொண்டையில கட்டி வந்து, திருவனந்தபுரத்துல ரேடியேஷன் குடுத்து முடிச்ச பிறகு அவன் நாக்கு செத்துப் போச்சு. எதை வாயில வச்சாலும் மண்ணைத் தின்ன மாதிரி இருக்குன்னான். வந்தாலும் வரும், வராமலும் போகும், மாசக்கணக்கு ஆகும், சிலருக்கு ருசி மாறிக்கூடத் தெரியும்னு டாக்டர் சொல்லி அனுப்பிட்டார். காரம் கூடாது, புளி கூடாது. உப்புப் போடாத கஞ்சியைக் கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவான். அதைப் பார்த்துக்கிட்டு நான் என் மீன்கறியை எப்படித் தின்ன? அடுக்களைக்குள்ள போய் நின்னுக்கிட்டுத் தின்னேன்.

அவன் கல்யாணம் கழிக்கல்ல. இருபது வருசத்துக்கு மேல சுற்றுலாக் கப்பல்ல வேலை. வைன் ஊத்திக் குடுக்கிற வேலை. வெறும் ஊத்துறது இல்ல. மணத்திப் பார்த்து, ஒரு வாய் ருசி பார்த்து, இது கொள்ளாம், இது கெட்டுப் போச்சுன்னு சொல்லணும். நான் எங்க சர்ச் சபையில பெண்கள் சங்கத்துச் செயலாளராக்கும், வைன்னு வாய் திறக்க முடியுமா? தம்பி கப்பல்ல சூப்பர்வைசர்னுதான் எல்லாருட்டயும் சொல்லி வச்சிருந்தேன். என்னத்தையோ மேற்பார்வை பார்க்கத்தானே செஞ்சான்? அவனுக்கும் அது தெரியும். ஒரு நாளும் அதைப் பத்திக் கேட்டதில்ல.

கப்பல்ல கூட இருந்த கூட்டுக்காரன் ஒருத்தன் கன்னியாகுமரியில புதுசா ஹோட்டல் திறக்கப் போறான். தம்பியை வந்து அங்க வேலைக்குச் சேருற பிள்ளைகளுக்கு வைன் வேலை படிச்சுக் குடுக்கச் சொன்னான். நாக்கு திரும்பிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு, மாசக்கடைசி வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்னு போன்ல சொன்னான். அந்தப் போனுக்குப் பிறகுதான் தம்பி ஒரு நாள் என் பக்கத்துல வந்து இருந்தான்.

"அக்கா, ஒரு பழைய வைன் வாங்கித் தாரியா?"

ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவன் பைய விளக்கினான். பிரான்சுல போர்டோன்னு ஒரு பக்கம் உண்டு, அங்க உள்ள முறைப்படி கேபர்நே, மெர்லோன்னு ரெண்டு மூணு ஜாதித் திராட்சையைக் கலந்து செய்த சிவப்பு வைன் வேணும், பத்து வருசமாவது பழசாகியிருக்கணும். குடிக்கிறதுக்கு இல்ல, நாக்கு நனையிற அளவு போதும். அந்த ருசி செத்தாலும் மறக்காது, அது தெரிஞ்சா நாக்கு உயிரோட இருக்கு, தெரியாட்டி போச்சுன்னு முடிவு பண்ணிக்கிடலாம்னான். அவன் கண்ணைப் பார்த்தா மாட்டேன்னு சொல்ல முடியல்ல.

ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க எப்பிடியும் நான் திருவனந்தபுரம் போகணும். ஆராவது பார்த்துட்டா என்ன செய்யன்னு பஸ்ல போகும்போதே வெப்ராளம். வைன் விக்கிற கடை நல்ல வெளிச்சமா, ஏசி எல்லாம் போட்டு நகைக்கடை மாதிரி இருந்துது. நான் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு கள்ளச்சி மாதிரி உள்ள நுழைஞ்சேன். ஆருக்காக்கும்னு விக்கிற பையன் கேக்கவே இல்ல, நானே முந்திக்கிட்டு கிறிஸ்மஸ் கேக்குக்குன்னு சொல்லிட்டேன். அவன் நல்லவன். கேக்குக்கு எதுக்கு அம்மச்சி பழைய வைன், விலை குறைஞ்சது போதுமேன்னு ஒரு குப்பியை எடுத்து நீட்டினான். எனக்குக் கோவம் வந்துட்டு. என் கேக்கு, எனக்குப் பழசுதான் வேணும்னு சத்தம் போட்டேன். கடையில நின்ன ஆம்பிளைங்க ஒக்கத் திரும்பிப் பார்த்தானுவ. கடைசியில உள்ள போய், ஆரும் எடுக்காம படுக்கப் போட்டிருந்த ஒரு குப்பியைத் துடைச்சுக் கொண்டு வந்தான். தம்பி சொன்ன ரெண்டு திராட்சைப் பேரும் அதுல இருந்துது, வருசமும் சரியா இருந்துது. அவன் அதை மடியில பிள்ளையைப் போடுற மாதிரி என் கையில வச்சான்.

குலுக்காமக் கொண்டு வரணும், அடியில கசடு இருக்கும்னு தம்பி சொல்லி விட்டிருந்தான். மார்த்தாண்டம் வரைக்கும் உள்ள ரோட்டுல குலுக்காம வர நான் என்ன பறந்தா வர முடியும்? களியக்காவிளைச் சோதனைச் சாவடியில பஸ் நின்னப்போ ஜெபம் பண்ணினேன். வைன் குப்பியை மடியில வச்சுக்கிட்டு ஆண்டவர்கிட்ட என்ன கேக்கேன்னு எனக்கே நாணமாப் போச்சு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசாட்சி பிடிச்சுக்கிட்டுது. எங்க சபையில திருவிருந்துக்கு உள்ள திராட்சரசத்தை நான்தான் செய்யுறது. கறுப்புத் திராட்சையைக் கழுவி, பிழிஞ்சு, நல்லாக் காய்ச்சி, துணியில வடிகட்டி எடுப்பேன். காய்ச்சாட்டி புளிச்சு லகரி, போதை வந்துடும், அது எங்களுக்கு ஆகாது. எனக்கு அந்த நேரம் ஒரு புத்தி தோணிச்சு. இந்த வைனையும் அதே மாதிரி காய்ச்சினா லகரி ஆவியாப் போயிடும், ருசி நிக்கும். தம்பி தொண்டையும் எரியாது, எனக்கும் பாவம் இல்ல. எவ்வளவு பெரிய அறிவாளி பார்த்தியளா?

சனிக்கிழமை அவன் தூங்கும்போது கரண்டிக் காம்பால கார்க்கை உள்ள தள்ளினேன். அது பொடிஞ்சு விழுந்துது, துணியில வடிகட்டினேன். அடுப்புல வச்சுக் கொதிக்கும்போது நாக்குல தொட்டுப் பார்த்தா ஒரே துவர்ப்பு. ஐயோ, சீக்காளிப் பிள்ளைக்கு இதை எப்படிக் குடுக்கன்னு கை நிறைய சீனி அள்ளிப் போட்டேன், நாலு கிராம்பும் போட்டேன். அதுக்குள்ள வாசல்ல ஆரோ கூப்பிட்டு, நான் போய்ப் பேசி நின்னுட்டு வரும்போது அடி பிடிச்சிருந்துது. அடியைக் கலக்காம மேலாக எடுத்து ஆற வச்சுக் குப்பியிலேயே திருப்பி ஊத்தி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து அவனுக்கு ஊத்திக் குடுத்தேன். கார்க்கு ஏற்கெனவே பொடிஞ்சு கிடந்துது, அதனால நான் திறந்து வடிகட்டி வச்சேன்னு மட்டும் சொன்னேன். சரின்னான். என்னை நம்பினான். கிளாசை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு, பழசுன்னா இந்தச் செங்கல் நிறம்தான்னு சந்தோசமாச் சொன்னான். பிறகு ஒரு வாய் வச்சான். வாய்க்குள்ளேயே வச்சிருந்து வச்சிருந்து, கண்ணைத் திறந்தப்போ முகம் செத்துப் போயிருந்துது.

"இனிக்குது அக்கா. கிராம்பு மாதிரி ஒண்ணு தெரியுது. கருகின வாடை அடிக்குது. இதுல இதொண்ணும் கிடையாது. டாக்டர் சொன்னது சரிதான், நாக்கு கள்ளம் சொல்லுது."

நான் அப்பவே சொல்லியிருக்கணும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டான், அதை நான் கஷாயமாக் காய்ச்சிட்டேன்னு எப்படிச் சொல்ல? சாயங்காலம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நானே எனக்குத் தவணை குடுத்துக்கிட்டு நடந்தேன். திங்கக்கிழமை காலையில அவன் மாடியில நின்னு கூட்டுக்காரனுக்குப் போன் பண்ணினான். எனக்கு முடியாது மக்கா, நாக்கு போச்சு, வேற ஆளைப் பார்த்துக்கோன்னு சொன்னது படியில நின்ன எனக்கு நல்லாக் கேட்டுது. அப்பவும் சொல்லல்ல. கையில இருந்த துணியைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டு உள்ள போயிட்டேன். சவத்து மூதி நான், அந்த நேரத்துல ரெண்டு படி ஏறினா என்ன?

புதன்கிழமை மத்தியானம் கஞ்சியைக் கொண்டு வச்சேன். அவன் பாத்திரத்தை என் பக்கமே நீக்கி வச்சான். இனி உப்புப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான், அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டாம், நீ வெறுதே சிரமப்படாதேன்னான். கோவமா இல்ல, சாந்தமா, எனக்காகச் சொல்லுற மாதிரி சொன்னான். அதுக்கு மேல எனக்குத் தாங்கல்ல.

"ஏலே, அந்த வைனை நான் காய்ச்சினேன்."

அவனுக்குப் புரியல்ல. திருவிருந்து ரசம் மாதிரி அடுப்புல வச்சுக் காய்ச்சினேன்னு திருப்பிச் சொன்னேன்.

"சீனி போட்டியா?"

"போட்டேன்."

"கிராம்பு?"

"அதும் போட்டேன். அடியும் பிடிச்சுது."

அவன் முகத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு அழுதான். அழுகைக்கு நடுவுல சிரிச்சான். அவன் அன்னைக்குச் சொன்ன மூணும் அப்படியே சரி. நாக்கு ஒரு கள்ளமும் சொல்லல்ல.

உடனே போனை எடுத்தான். நான் முன்னாடியே நின்னேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேக்கல்ல, அவன் முகத்துல பார்த்தேன். நேத்துதான் வேற ஒரு ஆளுக்கு உறுதி சொன்னாங்களாம். செரி மக்கா, பரவால்ல, பிறகு பார்ப்போம்னு சொல்லிப் போனை வச்சான்.

நான் அழத் தொடங்கினதும் அவன்தான் எழும்பி வந்து என் தோளைப் பிடிச்சான். வேற ஹோட்டலா இல்ல, நாக்கு வந்துட்டே, அது போதாதான்னு கேட்டான். குப்பியில மிச்சம் இருந்ததைக் கொண்டு வரச் சொல்லிக் கிளாசுல ஊத்தி, சொட்டுச் சொட்டா ருசிச்சுக் குடிச்சான். சீனி கூடிப் போச்சு அக்கான்னு என்னைக் கேலி வேற பண்ணினான். ஒரு வார்த்தை ஏசியிருந்தா எனக்கு ஆசுவாசமா இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமையே அவனுக்குக் கிடைச்ச நாக்கை புதன்கிழமை வரைக்கும் அவன்கிட்டக் குடுக்காம வச்சிருந்தது நான்தானே. அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு, அவன் முகத்தைப் பார்க்காம நின்னேன்.