பூஞ்சைத் தோட்டத்து விருந்தாளி

கனடாவின் மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, எறும்புகள் குடியிருந்த அறையைக் கூட்டித் துடைப்பது. ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்மென்டில் கண்ணாடிப் பெட்டிகளில் அவற்றை வளர்த்தார்கள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே அவற்றுக்குச் சூடு, ஈரப்பதம், வேளா வேளைக்குச் சாப்பாடு. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யாத வீட்டில் ஐந்து பேராக நெருக்கிக்கொண்டு கிடந்த அகதி நான். பார்க்க வயிறு எரிந்தது.

அந்த எறும்புகள் கமக்காரர், பயிர் செய்பவை. கொடுத்த ஓட்ஸையும் தோடம்பழத் தோலையும் நறுக்கிச் சுமந்துபோய், அதில் வெள்ளையாகப் பூஞ்சை வளர்த்து, அந்தப் பூஞ்சையைத்தான் தின்னும். ஒரு பெட்டியில் மட்டும் தோட்டத்துக்குள் வேறு இனம் ஒன்று இருந்தது. மினுமினுப்பான உடம்பு. ஒன்றையும் சுமக்காது. பூஞ்சையைத் தின்னும், வீட்டுக்காரரின் குஞ்சுகளையும் தின்னும்.

ஏன் அதை அடித்துத் துரத்தாமல் இருக்கின்றன என்று, ஆய்வு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் என் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டேன்.

"கூட்டின் மணம் அதற்கும் ஏறியிருக்கலாம். தங்கள் ஆள் என்று நினைக்கின்றன போலும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.

எங்கள் ஊர்ப் பெடியன் அவன். "அண்ணை, ரெண்டு கிழமைதான், பேந்து வேற இடம் பாத்திடுவன்" என்று ஒரு பையோடு வந்தான். குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரிக்கிறவர்கள் நாங்கள். மெட்ரோவில் எங்கள் கோட்டுகளின் மணத்துக்கே பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போவார். என்னிடம் மிச்சமிருந்த கோட்டை அவனுக்குக் கொடுத்தேன். சில நாளில் அவனும் எங்களைப் போலவே மணத்தான்.

அவன் சமைக்க வேண்டிய நாள் வந்தால் அவனுக்கு வயிற்றுக்குள் குத்தும். வேலை தேடச் சொன்னால் குளிர் ஒத்துவராது. எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம்: ஊரிலிருந்து வந்து நிற்பவனிடம் எப்போது போகிறாய் என்று கேட்கக் கூடாது. ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். வீட்டில் மூத்தவர் என்மீது பாய்ந்தார்.

"ஊர் பத்தி எரியுது. நீர் ஒரு கோப்பைச் சோத்துக்கு மூஞ்சையை நீட்டுறீர். நீரும் ஒரு மனிசனே?"

கெட்டவன் நானாகிப் போனேன். அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

பிறகு என் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன். கலியாணம் கட்டிச் சில மாதத்திலேயே விட்டுவிட்டு வந்தவள். அவளுக்கென்று ஒரு கதவு வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். அதற்குமேல் நான் ஒன்றுமே ஆசைப்படவில்லை. கீழ் வீடு காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கிரேக்கக் கிழவரைப் பகலில்தான் பிடிக்கலாம். பகலில் நான் எறும்புகளோடு. எங்கள் ஊர்ப் பெடியனோ நாள் முழுக்க அந்தக் கிழவரோடு கோப்பி குடித்துக்கொண்டிருப்பவன்.

"தம்பி, நான் எடுக்கிறன் எண்டு அவரிட்டச் சொல்லிவிடும்."

"ஓம் அண்ணை, நான் இருக்கிறன்தானே. நீங்கள் யோசிக்காதேங்கோ."

ஊர்ப் பெடியனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? மாத முடிவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். கதவைத் திறந்தது அவன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. என்ர மனிசியும் பிள்ளையளும் வருகினம். உங்களுக்கெண்டா மேல ஆக்கள் இருக்கினம்."

எனக்கு மனம் மாறிவிட்டது என்று கிழவரிடம் சொல்லியிருந்தான். பெட்டியோடு மேலே ஏறி வந்தேன். "விடும், ஆரும் பிறத்தியானே? எங்கட பெடியன்தானே" என்றார் மூத்தவர். அன்று அவரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது.

மனைவியை மிராபெல் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, எல்லோரும் புழங்கும் ஹோலின் மூலையில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் பின்னால் குடியேற்றினேன். விரிப்புக்கு அப்பால் யாராவது இருமினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அப்படியேதான் எங்கள் முதல் வருடம் போனது.

பல ஆண்டுகள் கழித்து அந்த மினுமினுப்பு எறும்பைப் பற்றி வாசித்தேன். வீட்டுக்கார எறும்பின் இளம் ராணி பறந்துபோய்த் தனிக்கூடு வைக்குமுன் அதன் சிறகை இந்த விருந்தாளி எறும்பு கடித்துத் துண்டித்துவிடுமாம். சிறகில்லாத ராணி அங்கேயே நின்று வேலை செய்யுமாம். மனைவிக்குக் காட்டாமல் அந்தப் பக்கத்தை மூடிவைத்தேன்.

மனைவி வந்த அந்த முதல் ஞாயிறு, ஆட்டிறைச்சிக் கறி சமைத்தாள். மணம் கீழே போயிருக்க வேண்டும். என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, வெறும் சட்டியோடு அவன் படியேறி வந்தான். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆரப்பா இவர்?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

எறும்புகளுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும்.

"எங்கட ஆள்தான்" என்றேன். "போடும்."