சூசையின் மெஷினில் கரண்ட் வரவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, மலை ரோட்டில் நின்றுகொண்டு ஓர் இக்னிஷன் காயிலுக்காக வேண்டிக்கொண்டேன். அது வட்டமா, சதுரமா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். என் அக்கா மலைமேல் கரியாலூரில் மகனோடு இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உண்டு. முந்தின வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று போகவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை தவறவே கூடாது. மகன் வெளியூர் போயிருந்ததால் நான் கூடப் போனேன்.

முகம் உப்பி, கால் வீங்கி, காரில் சாய்ந்து உட்காரவே அவளுக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் கொஞ்சமும் ஓயவில்லை! "கண்ணாடிய எறக்குடி. ஏசியெல்லாம் உன்ன மாதிரி டவுன்காரிங்களுக்கு" என்று அதட்டிக்கொண்டே வந்தாள்.

கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவு. டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். முந்தின ராத்திரி மழையில் பெரிய நாவல் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எங்களுக்கு முன்னால் ஒரு மினி பஸ் நின்றிருந்தது. வயசுப் பையன்கள் கிளைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அக்காவால் முடியுமா?

ஜேசிபி மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார் மினி பஸ் கண்டக்டர். ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட்டை விட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். அக்காவுக்கு அப்புறம் எப்போது இடம் கிடைக்கும்? யாராலும் சொல்ல முடியாது.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் சூசை வந்து சேர்ந்தார். சங்கராபுரம் பக்கத்து ஆள். மலைத் தோட்டங்களிலேயே தங்கிச் சில்வர் ஓக் மரம் அறுக்கிறவர்; கீழே அடுத்த தோட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பைக்கில் முன்னால் சாக்கில் சுற்றிய செயின்சா. பின்னால் முனியம்மா... அவரோடு கிளை கழித்து அடுக்கும் வேலைக்கு வருகிற பெண்.

"வழிய வுடுங்க, வழிய வுடுங்க! டீ ஆர்றதுக்குள்ள ரோட்ட தொறந்து வுடறேன். இந்த மெஷின் என்ன ஏமாத்துனதே கெடையாது" என்றார் சூசை.

கயிற்றை இழுத்தார். மெஷின் ஏமாற்றியது.

மறுபடி இழுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு இழுத்தார். உர்ர்ர்... அவ்வளவுதான். "பெட்ரோல் இருக்குதா?" என்று கண்டக்டர் கேட்டார். சூசை பார்த்த பார்வையில் அவர் பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சூசை ப்ளக்கைக் கழற்றித் துடைத்து, திரும்ப அதன் ஒயரிலேயே மாட்டி, இன்ஜின் இரும்பில் ஒட்டவைத்துப் பிடித்தார். எங்கள் டிரைவரைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். "ப்ளக்கு இரும்புல பட்டுகினு இருக்கணும். சும்மா அந்தரத்துல வெச்சி இழுத்தா, நல்லா இருக்கிற காயிலும் பூடும்" என்று எங்களுக்கெல்லாம் கிளாஸ் வேறு. ப்ளக் முனையில் நீலமாக ஒரு பொறி தெரிய வேண்டுமாம். வெயிலில் தெரியாதென்று முனியம்மா துண்டை விரித்து நிழல் பிடித்தாள். எல்லோரும் துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தோம்.

பொறி வரவில்லை. புது ப்ளக் மாட்டினார். அப்போதும் வரவில்லை.

"கரண்ட் வர்ல. காயில் பூட்டுது" என்றார் சூசை. ப்ளக்குக்குக் கரண்ட் அனுப்புவதே காயில்தானாம். காயில் எங்கே கிடைக்கும்? கள்ளக்குறிச்சியில். கள்ளக்குறிச்சி எங்கே இருக்கிறது? மரத்துக்கு அந்தப் பக்கம்!

காருக்குப் போனேன். "இன்னாவாம்?" என்றாள் அக்கா. காயில் போய்விட்டதாம் என்றேன். "எனக்குப் போன மாதிரியே" என்று சிரித்தாள். சிரித்த சிரிப்பு இருமலாக மாறி, இருமல் மூச்சிரைப்பாக மாறியது. அதைப் பார்த்ததும் எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. நேராக சூசையிடம் போனேன்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க மாட்டீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். "உள்ள யாரும்மா?"

சொன்னேன். அவர் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷினின் மேல்மூடியைக் கழற்றினார்.

"அவசரப்பட்டுட்டேன். காயில் போறதுன்னா பொசுக்குனு போவாது. சூடேறுனா நிக்கும், ஆறுனா ஓடும்... அப்டி ரெண்டு நாள் படுத்திட்டுத்தான் போவும். இது நேத்து பொழுது சாயற வரைக்கும் ஜோரா அறுத்துகினு இருந்துச்சே!"

அப்போதுதான் அந்தக் காயிலைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. இதற்காகவா வேண்டிக்கொண்டோம் என்றிருந்தது. பக்கத்தில் சுற்றும் சக்கரத்தில் இருந்த காந்தத்தில் லேசாகத் துரு. அதை உப்புத்தாளால் தேய்த்தார். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஓர் அட்டை கனத்துக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டுமாம். "அட்ட எதுனா இருக்குதா?" என்றார். என் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். அதை நடுவில் செருகி, ஸ்குரூவை இறுக்கி, கார்டை உருவினார். என் பெயரால் ஒரு மெஷினுக்கு உபயோகம் உண்டானது அன்றைக்குத்தான்.

ம்ஹூம். பொறி வரவில்லை.

கடைசியாக, காயிலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டார். "இழுப்பா!" என்றார். டிரைவர் இழுத்தார். துண்டு நிழலுக்குள் பளிச்சென்று ஒரு நீலப் பொறி!

"காயில் நல்லாக்குது! கோளாறு ஸ்விட்சாண்ட!" என்று சூசை கத்தினார். கண்டக்டர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தார். அப்படியே ஓட்டிவிடலாமே என்றேன். "ஸ்விட்ச் இல்லாம ஓட்ட மாட்டேம்மா. ஒண்ணுன்னா எப்டி நிறுத்தறது?" என்று சொல்லிவிட்டு ஒயரைத் தடவிக்கொண்டே போனார். கைப்பிடியில் ஒரு திருஷ்டி எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் லாரி, பைக், கடை எல்லாவற்றிலும் தொங்குவதுதானே? யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பழத்தைக் கோத்த இரும்புக் கம்பியின் ஒரு முனை கைப்பிடி போல்ட்டில் முறுக்கியிருந்தது. மறு முனை, ஸ்விட்சின் மேல் கிழிந்திருந்த ரப்பர் வழியாக உள்ளே நுழைந்து ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒயர் இப்படி இரும்பில் பட்டால் மெஷின் நின்றுவிடுமாம். அதாவது, காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப் ஆகவே இருந்திருக்கிறது!

முனியம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"நான்தாண்ணா கட்டுனேன். போன வாரம் அந்தக் கெள உன் தலைய ஒரசிகினு போச்சே... எனக்கு மனசே கேக்கல. காலைல நீ குளிக்கப் போவச்சொல்லோ கட்டிட்டேன். அந்தம்மா உசுரு போற நேரத்துல நான் இப்டி..."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சூசை முந்திக்கொண்டார்.

"ஏம்மா, நான் கழுத்துல ஜெபமால போட்டுகினு வர்றேன். நீ மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டி வுட்டுக்கிற!" என்று அவர் சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் பழத்தைத் தூக்கி எறியவில்லை. கம்பியைப் பதமாகப் பிரித்தெடுத்து, தன் சட்டைப் பித்தானில் மாட்டிக்கொண்டார். "என் தலைக்குத்தான கட்டுன? அப்போ எங்கிட்ட இருக்கட்டும். மெஷின் எதுக்கு நடுவுல?"

முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஒயரை மாட்டி, ரப்பருக்கு டேப் சுற்றி, கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. சூசை அறுக்க அறுக்க, முனியம்மாவும் பஸ் ஜனமும் கிளைகளை ஓரத்துக்கு இழுத்துப் போட்டார்கள். ஒரு கார் நுழையும் அளவுக்கு வழி பிறந்ததும் சூசை பஸ்ஸை ஒதுங்கச் சொல்லி எங்களைத்தான் முதலில் விட்டார். கண்டக்டர் முகம் சுளிக்கவில்லை. அந்த ஜனங்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்வேன்? கும்பிட்டேன். அதுதான் முடிந்தது.

அக்கா கண்ணாடியை இறக்கி முனியம்மாவின் கையைப் பிடித்தாள். "நீ ஏண்டி அழுவுற? ஊர்ல பாதி பேரு எனக்கு இளநீ கொண்டாந்து குடுக்கறாங்க. நான் அத தொடவே கூடாது. அதுக்காக அவங்கள வையவா முடியும்?"

உண்மைதான். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் ஆகாது. ஊரார் ஆசையாக வெட்டிக் கொண்டுவருவதை அக்கா சிரித்த முகத்தோடு வாங்கிப் பேரனுக்குக் கொடுத்துவிடுவாள். நம் மேல் பிரியம் வைத்தவர்களுக்கு நம் ஒயர் எங்கே போகிறது என்று தெரியுமா என்ன? அவர்கள் கட்டுவதைக் கட்டத்தான் செய்வார்கள். கம்பியைப் பக்குவமாகப் பிரித்துவிட்டுப் பழத்தைச் சட்டையில் மாட்டிக்கொள்ளத்தான் தெரியவேண்டும். எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று நான் வாயெடுத்தது திட்டுவதற்குத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. வழக்கமாக ஊசி குத்தும்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, டயாலிசிஸைக் கண்டுபிடித்தவரின் வம்சத்தையே திட்டித் தீர்ப்பாள். அதற்குப் பயந்தே நர்ஸ் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

அன்றைக்கு அக்கா தானாகவே கையை நீட்டினாள்.

"குத்துடி கண்ணு, இன்னாத்துக்கு பயந்துகினு நிக்கிற? இந்த ஊசிக்காவ அங்க ஒரு மரத்தையே அறுத்திருக்காங்க!"