அலசிய தண்ணீர் வெளுத்தது

சமஸ்தானம் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். புதுக்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் நடந்தது இது. நான் அப்போது விராலிமலையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். ரவிக்கை, சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டிராயர் என்று வந்ததைத் தைப்பேன். துணியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் எனக்கு உருப்படியாகத் தெரியாது என்பது என் மனைவியின் அபிப்பிராயம். உண்மைதான் என்பதால் நானும் மறுத்துப் பேசியதில்லை.

எங்களுக்கு அது தலைப்பிரசவம். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஒரு வாடகைக் காரைப் பிடித்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பெண் குழந்தை. என் உள்ளங்கையில் படுக்க வைக்கலாம், அவ்வளவுதான் இருந்தாள். மாரில் வாய் வைத்து உறிஞ்சக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுங்கள், அதுதான் இவளுக்கு மருந்து என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. தாய்க்கோ பிள்ளை பெற்ற மறுநாளே காய்ச்சல் கண்டுவிட்டது.

எனக்கு மாமியார் இல்லை. என் பக்கத்திலும் கூட வந்து இருக்க ஒரு பெண்பிள்ளை கிடையாது. ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆயாம்மா ஜன்னல் வழியாகச் சங்கையும் பால் நனைந்த துணிகளையும் நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, அலசி, வெயிலில் உலர்த்தித் திரும்பக் கொடுக்க வேண்டும்.

தொட்டியடி முழுக்கப் பெண்கள். நடுவே முறுக்கு மீசையோடு ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்து சங்கு தேய்த்தால் சும்மா விடுவார்களா? எனக்கு 'மீசைக்கார ஆயா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிற சுபாவம். ஆனால் அங்கே கோபித்துக்கொண்டு எங்கே போவது? தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தேன்.

முதல் நாள் துணி நன்றாகச் சுத்தமாகட்டும் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை எடுத்து ஊற்றிவிட்டேன். பால் திரைந்து நூலோடு நூலாக ஒட்டிக்கொண்டது. எத்தனை தேய்த்தும் புளித்த வாடை போகவில்லை. பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாள் துவைத்துக்கொண்டிருந்தார். அறந்தாங்கிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தங்கையின் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்ததால் இந்த அக்காதான் துணைக்கு வந்திருந்தார்.

"ஏண்ணே, பால் துணிக்கு எடுத்த எடுப்புலயே சுடுதண்ணியவா ஊத்துவாக? பச்சத் தண்ணியில நல்லா அலசிட்டு அப்பறமுல்ல சவுக்காரம் போடணும். வெந்நியெல்லாம் சங்குக்குத்தான்" என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் தேறிவிட்டேன். வெள்ளிச் சங்கைத் திருநீறு போட்டுத் துலக்குவேன். அதன் மூக்கில் பாலின் கொழுப்பு படிந்து விரல் நுழையாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நம் தொழில் கைகொடுத்தது. ஊசியில் முறுக்கு நூலைக் கோத்து மூக்குக்குள் விட்டு இங்கிட்டும் அங்கிட்டுமாக இழுப்பேன். பிறகு கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுப்பேன். பார்த்த பெண்கள் தங்கள் வீட்டுச் சங்குகளையும் என்னிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். கேலி குறைந்தது.

தாய்ப்பால் காய்ந்த துணி கஞ்சி போட்ட மாதிரி மொடமொடவென்று இருக்கும். தண்ணீரில் முக்கினால் கைக்கு வழுவழுப்பாக வரும். தண்ணீர் மெல்ல வெளுக்கும். அதையே தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. நாளுக்கு நாள் துணியின் விறைப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் ஆயாம்மா கொடுத்த துணி தொய்ந்துபோய்க் கிடந்தது. தொட்டியடிக்கு ஓடிப்போய் முக்கினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

உள்ளே யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போனது. மறுநாள் குழந்தை அழுவதையே நிறுத்திவிட்டாள். அவள் அழுகிற சத்தம் ஜன்னல் வழியாக வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. என் மகள் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அப்போதும் கையில் துணியை வைத்துக்கொண்டு அலசிக்கொண்டுதான் இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. துப்பட்டி அம்மாள் தம் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு என் வாளித் தண்ணீரையே பார்த்தார்.

"தண்ணி வெளுக்கவே இல்லையேண்ணே. பாலு நின்னுபோச்சா?"

மீசையும் ஆளுமாக அத்தனை பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் ஈரக்கையோடு எழுந்து வார்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஆயாம்மா வந்து ஜன்னலடிக்குக் கூப்பிட்டார். ஜன்னலில் திரைத்துணி தொங்கியது. அதற்கு அந்தப் பக்கமிருந்து அந்தத் தங்கையின் சின்ன வயதுக் குரல் நிதானமாகப் பேசியது.

"அண்ணே, எனக்குப் பாலு ரெண்டு பிள்ளைக்குக் காணும். தாரேன். ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். எங்கள்ல ஒரு பிள்ளைக்குப் பால் குடுத்துட்டா அது எங்க சொந்தப் பிள்ளை. எம் மகனுக்குக் கூடப்பொறந்தவ. இன்னிக்கு அவசரத்துக்கு வாங்கிக்கிட்டு, நாளைக்கு அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லப்புடாது. ஒங்களுக்குச் சம்மதமா?"

உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பால் கொடுக்க, கொடுக்கிறவள் சம்மதம் கேட்கிறாள்! "ஒங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?" என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவுகளுக்கு ஒரு மக கூடுனா கோவிச்சுக்கவா போறாக?" என்றது குரல்.

ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று ஒரு கணம் நினைத்தது உண்மைதான். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல், காய்ச்சலிலும் அதே அதிகாரத்தோடு வந்தது: "என்னத்தை யோசிக்கிறீங்க? ஊரு என்னமும் பேசட்டும். மொதல்ல சங்கைக் கழுவிக் குடுங்க!"

அன்று அந்தச் சங்கைத் தேய்த்த மாதிரி நான் ஆயுசில் எதையும் தேய்த்ததில்லை. கொடுத்துவிட்டு ஜன்னலடியிலேயே நின்றேன். ரொம்ப நேரம் கழித்துச் சங்கு திரும்பி வந்தது. "நாக்கைச் சப்புறா" என்றார் ஆயாம்மா.

தொட்டியடியில் சங்குக்குள் ஒரு கை தண்ணீர் விட்டேன். தண்ணீர் வெளுத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முகம் தெரியாத ஒருத்தியின் பால் அது. என் மகள் குடித்தது போக ஒட்டியிருந்த மிச்சம். அதைச் சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. அப்படியே ஏந்திக்கொண்டு நின்றேன். துப்பட்டி அம்மாள் சுவரோரத்துப் புங்கமரத்தைக் காட்டினார். "கால் படாத எடமாப் பாத்து ஊத்துங்கண்ணே. நாங்களும் அங்கிட்டுத்தான் ஊத்துவோம்" என்றார். தாய்ப்பால் மிதிபடக்கூடாது என்பது எங்கள் ஊரிலும் உண்டுதான். அந்த மரத்தடிக்குக் கோயிலுக்குள் போவதைப் போலத்தான் போனேன்.

மகள் அழ ஆரம்பித்தாள். என்ன ஒரு அழுகை! ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. பிறகு வாய் வைத்து உறிஞ்சவும் கற்றுக்கொண்டாள். தாய்க்குக் காய்ச்சல் விட்டு, பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச, வற்றிய பாலும் திரும்பியது. அதற்குள் அந்தச் சகோதரிகள் ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். அன்று நாங்கள் ஊர் திரும்பச் சவாரி வண்டி பிடிக்க நான் போயிருந்ததால் விடைகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. திரைக்கு இப்பால் கேட்ட குரலைத் தவிர, பால் கொடுத்தவரின் பெயரோ முகமோ எனக்குத் தெரியாது.

மகள் தாவணி போட்ட பிறகு ஒரு நாள், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவளோடு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு குரல், "அந்தப் பையை இங்கிட்டு வைப்பா, வெயிலாயிருக்கு" என்றது. அந்த நிதானம் எனக்கு மறக்குமா? திரும்பினேன். துப்பட்டியால் முகத்தை மறைத்திருந்த ஓர் அம்மாள். பக்கத்தில் அரும்பு மீசையோடு ஒரு பையன். வயசுப்பெண் நிற்கிறாள் என்று மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில... நான் விராலிமலை தையக்காரன்" என்றேன்.

அவர் என் க்ஷேமத்தைக் கேட்கவில்லை. என் மனைவியைக் கேட்கவில்லை. "எம் மக எங்க?" என்றார்.

கையைக் காட்டினேன். அவர் வந்து என் மகளின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு மகனிடம் திரும்பி, "ஏம்ப்பா குனிஞ்சு நிக்கிற? அன்னிக்குச் சொன்னேன்ல, விராலிமலையில ஒனக்கு ஒரு தங்கச்சி இருக்குன்னு. இதுதாம்ப்பா. நிமிந்து பாரு" என்றார்.

அந்தப் பையன் நிமிர்ந்தான். என் மகளை நேருக்கு நேர் பார்த்து, அண்ணன் சிரிக்கிற சிரிப்பாகச் சிரித்தான்.

அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு நாளைக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்று அன்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாரே, அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதை அவர்தான் வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அலசிய தண்ணீர் வெளுத்த அந்த நிமிஷத்தில் போலவே இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.